தோற்கும் அணியின் ஆகஸ்ட், செப்டம்பர் முடிவுகள்: எதற்குக் கோபப்படலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நான் ஆதரிக்கும் அமெரிக்க பேஸ்பால் அணி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலேயே பத்து ஆட்டம் பின்தங்கிவிட்டது. நல்ல ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்) ஒருவரைக் கைம்மாறு எதுவும் வாங்காமல் வேறு அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். முதல் நம்பர் பிட்சரை, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், நாலு இன்னிங்ஸோடு நிறுத்துகிறார்கள். அனுபவசாலியை உட்காரவைத்துவிட்டுப் பெயர் தெரியாத பையனை இறக்குகிறார்கள். டிராஃப்டில் (அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் ஆளை எடுப்பதற்காக வேண்டுமென்றே தோற்கிறார்களா? இந்த முடிவுகளை ஒரு ரசிகன் எப்படி எடைபோடுவது?

பதில்: வேண்டுமென்றே தோற்பதால் இன்றைய விதிகளில் பெரிய லாபம் இல்லை. நீங்கள் சொன்ன மூன்றில் பிட்சரை நிறுத்துவதும் பையனை இறக்குவதும் பெரும்பாலும் சரியான முடிவுகள். ரிலீஃப் பிட்சரை விட்டுக்கொடுத்தது மட்டும், ஜூலையில் செய்த தப்புக்கு ஆகஸ்டில் கட்டிய அபராதமாக இருக்கலாம். இந்த மாதங்களில் அணி எடுக்கும் முடிவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேதியோ ஒரு எண்ணோ இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பாதிக் கோபம் தேவையற்றது என்று புரியும். மீதிப் பாதியை யார்மேல் காட்டுவது என்பதும் புரியும்.

முதலில் கணக்கு

உங்கள் அணி 58 வெற்றி, 67 தோல்வி என்றும், ப்ளேஆஃபுக்கான (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) கடைசி வைல்ட் கார்டு இடத்தில் (தன் பிரிவில் முதலாவதாக வராத அணிக்குக் கிடைப்பது) இருக்கும் அணி 68 வெற்றி, 57 தோல்வி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சீசனில் 162 ஆட்டம்; அதோடு ஒன்றைக் கூட்டி, 163இலிருந்து அவர்களுடைய வெற்றிகளையும் உங்களுடைய தோல்விகளையும் கழித்தால் 28 வரும். இனி அவர்கள் வெல்வதும் நீங்கள் தோற்பதும் சேர்ந்து 28ஐத் தொட்டால் அந்த இடம் உங்களுக்கு இல்லை. சமநிலையைத் தீர்க்க முன்பு நடந்த 163ஆவது ஆட்டம் 2022 முதல் கிடையாது. சமநிலை வந்தால் இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் கணக்குதான் பேசும். 2025இல் சின்சினாட்டி ரெட்ஸும் நியூயார்க் மெட்ஸும் 83 வெற்றியில் சமமாக நின்றபோது ரெட்ஸ் உள்ளே போனது அப்படித்தான். எனவே நேருக்கு நேரில் நீங்கள் பின்தங்கியிருந்தால் 163க்குப் பதிலாக 162இலிருந்து கழியுங்கள்.

28 என்பது தாராளமான எண்போலத் தோன்றும். அதை நம்பாதீர்கள். ப்ளேஆஃப் 12 அணிகளாக விரிந்த 2022இலிருந்து 2025 வரை, ஒவ்வொரு லீகிலும் கடைசி இடத்தைப் பிடித்த அணி 83 முதல் 89 ஆட்டங்கள் வரை வென்றிருக்கிறது. 58இல் நிற்கும் அணி 83ஐத் தொடவே மீதி 37 ஆட்டங்களில் 25ஐ வெல்ல வேண்டும். 86 தேவைப்பட்டால் 28.

அடுத்து, அணியின் உண்மையான தரம் என்ன என்று பாருங்கள். எடுத்த மொத்த ரன்களை அதே எண்ணாலேயே பெருக்குங்கள். கொடுத்த ரன்களையும் அப்படியே. முதல் தொகையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறக்குறையக் கிடைக்கும். 125 ஆட்டத்தில் 540 ரன் எடுத்து 600 கொடுத்த அணிக்கு விகிதம் 0.448, அதாவது 56 வெற்றி. கையில் 58 இருக்கிறது என்றால் அந்த அணிக்கு அதிர்ஷ்டம் ஏற்கெனவே கைகொடுத்திருக்கிறது. ‘துரதிர்ஷ்டத்தால் தோற்கிறோம், ஒரு நல்ல வாரம் வந்தால் திரும்பிவிடுவோம்’ என்று நிர்வாகம் பேசினால் நம்ப வேண்டாம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2024இல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஜூலை இறுதியில் ஜாக் ஃப்ளாஹர்ட்டி உள்ளிட்டவர்களை விற்றுவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று 55-63, அதாவது 55 வெற்றி, 63 தோல்வி. அதற்குப் பிறகு 31-13 என்று ஆடி 86 வெற்றியோடு ப்ளேஆஃபுக்குப் போனது. அங்கே ஹூஸ்டனையும் வீழ்த்தியது. விற்றது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. விற்றதால் காலியான இடங்களில் ஆடியவர்கள் இளைஞர்கள். வெற்றி ஓட்டம் அவர்களோடு சேர்ந்துதான் வந்தது.

சும்மா விட்டுக்கொடுப்பது ஏன்?

2019 முதல், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ‘ட்ரேட்’டுக்குக் கெடு ஒன்றே ஒன்றுதான். பொதுவாக ஜூலை கடைசியில் முடிந்துவிடும். அதற்கு முன் ஆகஸ்டிலும் பின்வாசல் ஒன்று இருந்தது. 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி ஜஸ்டின் வெர்லாண்டர் டெட்ராய்ட்டிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது அந்த வழியாகத்தான். இப்போது அது அடைபட்டுவிட்டது. கெடு தாண்டிய பின் மேஜர் லீக் வீரரை மாற்றிவிட எஞ்சியிருப்பது வேவர் மட்டும். அணி ஒரு வீரரை வேவரில் வைத்தால், தரவரிசையில் கீழே இருக்கும் அணியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு வரும். கேட்கும் அணி அவருடைய மிச்சச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடுத்த அணிக்குச் சம்பளச் சுமை குறையும். ஆள் யாரும் கிடைக்க மாட்டார்கள். புதிய அணிக்காக அவர் ப்ளேஆஃபில் ஆட வேண்டுமானால் ஆகஸ்ட் 31க்குள் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் காரியம் பெரும்பாலும் ஆகஸ்டின் கடைசி மூன்று நாட்களில் நடக்கிறது.

இதற்குப் பாடமாகப் படிக்க வேண்டியது 2023இன் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். அணியின் நட்சத்திரம் ஷோஹேய் ஓதானியின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. அவரை விற்கவில்லை, மாறாக ஜூலை 26 அன்று சிகாகோ வொயிட் சாக்ஸிடமிருந்து லூகஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கினார்கள். விலை, மைனர் லீகிலிருந்த (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) கேட்சர் எட்கர் கெரோவும் பிட்சர் கை புஷ்ஷும். ஆகஸ்ட் பிறந்ததும் வரிசையாகத் தோல்வி. ஆகஸ்ட் 23 அன்று ஓதானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. ஆகஸ்ட் 29 அன்று, வாங்கி ஐந்து வாரம்கூட ஆகாத ஜியோலிட்டோவும் லோபஸும், கூடவே மாட் மூர், ஹண்டர் ரென்ஃப்ரோ உள்ளிட்டோரும் வேவருக்குப் போனார்கள். முதல் மூன்று பேரையும் கிளீவ்லண்ட் எடுத்துக்கொண்டது. ஏஞ்சல்ஸ் 73-89இல் சீசனை முடித்தது.

ரசிகர்கள் கொதித்தது வேவர் முடிவுக்கு. தனியாகப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானது. அந்த ஆண்டு சம்பள வரியின் எல்லை, அதாவது அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் வரி விழும் எண், 23.3 கோடி டாலர். அதற்குள் வந்துவிட்டால், ஓதானி வேறு அணிக்குப் போகும்போது ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் இடம் இரண்டாம் சுற்றை ஒட்டி வரும். தாண்டிவிட்டால் நான்காம் சுற்றுக்குப் பின்னால் தள்ளப்படும். மயிரிழையில் எல்லைக்குள் வந்து, 2024 டிராஃப்டில் 74ஆவது இடத்தைப் பெற்றார்கள். திட்ட வேண்டியது ஜூலை 26ஐ. கொடுத்த கெரோ 2025இல் வொயிட் சாக்ஸின் கேட்சராக மேஜர் லீகில் ஆடத் தொடங்கினார்.

உங்கள் அணி விட்டுக்கொடுத்த ரிலீஃப் பிட்சருக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். அவருடைய ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறதா? முடிகிறது என்றால் செப்டம்பரில் அவரை வைத்திருந்து பயனில்லை. அப்படியானால் ஜூலையிலேயே ஏன் விற்கவில்லை? பதில் சொல்ல வேண்டியவர் ஆட்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜர்; களத்தில் நிற்கும் மேனேஜரைத் திட்டிப் பயனில்லை.

நாலு இன்னிங்ஸ் பிட்சர்

கேரட் குரோஷே 2022இல் முழங்கை அறுவை செய்துகொண்டவர். 2024 தொடங்கும்வரை மேஜர் லீகில் அவர் வீசியது மொத்தமே 73 இன்னிங்ஸ், அதுவும் ரிலீஃபாக. அந்த ஆண்டு வொயிட் சாக்ஸ் அவரை ஸ்டார்ட்டராக்கியது, அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சராக. ஜூன் முடியும்வரை முழுதாக வீசவிட்டு, ஜூலை முதல் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் நாலு இன்னிங்ஸ் என்று நிறுத்தினார்கள். 32 ஆட்டம், 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது). டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவருக்காக நான்கு இளம் வீரர்களைக் கொடுத்தது. 2025இல் 205 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது நிறுத்திய விதம். முழுவதும் ஓய்வு கொடுத்துவிட்டால், ஐந்து நாளைக்கு ஒருமுறை தயாராகும் பழக்கமே பிட்சருக்கு விட்டுப்போகும். இன்னிங்ஸைக் குறைத்து முறையை மாற்றாமல் வைத்தால் உடல் ஒரு முழு சீசனின் தாளத்தைக் கற்றுக்கொள்ளும். 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸ் தாண்டியதும் செப்டம்பரில் அடியோடு நிறுத்தி, அவர் இல்லாமலே ப்ளேஆஃப் ஆடித் தோற்றது. ஜெயிக்கும் அணிக்கு அது வேதனையான பேரம். 67 தோல்வியோடு நிற்கும் அணிக்கு ஒரு செலவும் இல்லை. கோபப்பட வேண்டுமானால் எதிர்த் திசையில் படுங்கள்: அறுவை முடிந்து திரும்பிய இளைஞர் செப்டம்பரில் 105ஆவது பந்தை வீசிக்கொண்டிருந்தால் அங்கேதான் பொறுப்பின்மை.

பெயர் தெரியாத பையன்

இதற்கு மூன்று எண்கள். ஒரு பேட்டர் 130 அட்-பேட்டையோ (பேட்டிங் சராசரிக்குக் கணக்கில் வரும் முறை) அணிப் பட்டியலில் 45 நாளையோ தாண்டாதவரை அடுத்த ஆண்டும் ‘ரூக்கி’யாகவே, அதாவது புதுமுகமாகவே, கருதப்படுவார்; பிட்சருக்கு 50 இன்னிங்ஸ். செப்டம்பர் இறுதியில் முடியும் சீசனில் ஆகஸ்ட் பாதிக்குப் பின் அழைத்தால் 45 நாள் தாண்டாது. ரூக்கித் தகுதி மிச்சமிருக்கும் முன்னணி இளைஞர் அடுத்த ஆண்டு முழுவதும் ஆடி சிறந்த ரூக்கி விருதை வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஓர் இடம். அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 74-88இல் முடிந்த 2022இல், கார்பின் கேரலை ஆகஸ்ட் 29 அன்று அழைத்தது. அவர் 104 அட்-பேட் ஆடினார். மறு ஆண்டு அவருக்கு ரூக்கி விருது, அணிக்கு டிராஃப்ட் இடம், அதே ஆண்டில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர் வரை பயணம்.

எல்லாப் பையன்களும் கேரல் இல்லை. சிலருக்கு மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பும் ‘ஆப்ஷன்’ மூன்றும் தீர்ந்திருக்கும். அடுத்த வசந்தத்தில் அணியில் வைக்கவேண்டும், இல்லையென்றால் வேவர். அவர்களுக்கு செப்டம்பர்தான் கடைசித் தேர்வு. தவிர, 2020க்கு முன் செப்டம்பரில் 40 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இப்போது 28தான், அதில் பிட்சர்கள் 14க்கு மேல் கூடாது. புதிதாகத் திறப்பது இரண்டே இடம் என்பதால் அனுபவசாலி ஒருவர் எழுந்தால்தான் இளைஞர் உட்கார முடியும். ஒப்பந்தம் முடியப்போகும் 34 வயதுக்காரருக்கு செப்டம்பர் முழுவதும் பேட்டிங் கொடுப்பது வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் டைல்ஸ் போடுவதுதான்.

அந்தப் பையனின் பேட்டிங் சராசரியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறக்குறைய 60 முறை மட்டை பிடித்தாலே ஓரளவு நம்பத்தக்கதாகும்; வாக் (நான்கு தப்பான பந்துகளால் முதல் பேஸுக்குப் போவது) விகிதத்துக்கு 120 முறை வேண்டும்; பேட்டிங் சராசரிக்கு 900க்கு மேல். ஒரு செப்டம்பரில் கிடைப்பது 100 முறை. .190 சராசரியில் அடித்தவர் ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தால் அது நல்ல மாதம்தான்.

டிராஃப்டுக்காகத் தோற்பது

2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் போகின்றன. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு சமம், 16.5 சதவீதம். கடைசியாக வருவதற்கும் கடைசிக்கு முந்தின இரண்டு இடங்களுக்கும் குலுக்கலில் வித்தியாசமே இல்லை. அதற்கு மேல் தடையும் உண்டு: பணக்கார அணிகள் மற்றவற்றுக்குக் கொடுக்கும் வருமானப் பகிர்வில் பணம் பெறும் அணி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் குலுக்கல் இடம் பெற முடியாது, பணம் கொடுக்கும் அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள். 2024இல் வொயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. 1900க்குப் பின் எந்த அணியும் ஒரு சீசனில் அத்தனை தோற்றதில்லை. பணம் கொடுக்கும் அணியான அது முந்தைய டிராஃப்டில் ஐந்தாம் இடம் வாங்கியிருந்ததால் குலுக்கலில் சேரவே முடியாமல் 2025இல் பத்தாவது ஆளாகத்தான் எடுக்க முடிந்தது. இரண்டாம் சுற்றிலிருந்து பழைய தலைகீழ் வரிசையே தொடர்கிறது, வேவரிலும் முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தச் சில்லறைக்காக ஒரு செப்டம்பரையே தொலைக்கும் அளவுக்கு நிர்வாகங்கள் முட்டாள்கள் இல்லை.

மேனேஜரை மாற்றச் சொல்லிக் குரல் கொடுப்பதற்கும் இதே அளவுதான் பயன். வொயிட் சாக்ஸ் அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று 28-89 என்ற நிலையில் பெட்ரோ கிரிஃபோலை நீக்கியது. இடைக்காலமாக வந்த கிரேடி சைஸ்மோரின் கீழ் 13-32.

மைதானத்துக்குப் போகிறீர்களானால், தேதியைக் கிழமை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த சில ஆட்டங்களுக்கான ஸ்டார்ட்டர்களின் பெயரை அணிகள் முன்கூட்டியே வெளியிடும். இளம் பிட்சர் வீசும் நாளுக்கு டிக்கெட் எடுங்கள். நாலு இன்னிங்ஸ்தான் என்பதால் நேரத்தோடு போய் உட்காருங்கள்.