அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் இல்லையா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பையன்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா (66 வயது, பிரஷர் உண்டு) எல்லோரும் டிசம்பரில் 12 நாள் தென் அமெரிக்காவில் இருக்கும் ஈக்வடார் போகிறோம். சின்ன நாடுதான், ஆனால் எல்லாமே இருக்கிறது: கித்தோ நகரம், கோட்டோபாக்சி எரிமலை, ஓட்டவாலோ சந்தை, அமேசான் காடு, குவென்கா, கலாபகோஸ் தீவுகள். அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. அதனால் கலாபகோஸ் போகும் ஐந்து நாளும் சின்னவனோடு (5 வயது) கித்தோ ஓட்டலில் இருந்துகொள்வார். எந்த வரிசையில் போனால் எதையும் விடாமல் பார்க்கலாம்?

பதில்: தம்பி, இப்படி வரிசை கேட்டு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. நாட்டின் பெயர்தான் மாறும். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் ஒன்றுதான்: 'கித்தோ ஓட்டலில் இருந்துகொள்வார்.' பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன் என்பது போல எழுதியிருக்கிறீர்கள்.

கித்தோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? 2,850 மீட்டர். நம் ஊட்டியே 2,240தான். கடல் மட்டத்திலிருந்து நேராக அங்கே போய் இறங்கினால் திடமான ஆளுக்கே தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம், ராத்திரி தூக்கம் பிடிக்காது. பிரஷர் உள்ள அம்மா, கையில் ஐந்து வயதுப் பிள்ளை, சுற்றிலும் ஸ்பானிஷ் பேச்சு. நடுராத்திரியில் நெஞ்சு படபடத்தால் யாரை எழுப்புவார்? நீங்கள் அப்போது கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கும்பல் வன்முறை முற்றி, 2024 ஜனவரியில் அந்த நாட்டு அதிபரே 'உள்நாட்டு ஆயுத மோதல்' என்று அறிவித்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். பயணிகள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வயதானவரையும் குழந்தையையும் தனியே விட்டுப்போகிற இடமா அது?

அப்புறம், 'கப்பல் ஒத்துக்கொள்ளாது' என்பது அம்மா சொன்னதா, நீங்களே முடிவு செய்ததா? கலாபகோஸுக்கு விமானத்தில்தான் போகப்போகிறீர்கள். ஈக்வடாரின் துறைமுக நகரமான குவாயகிலிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. விமான நிலையம் இருக்கும் பால்ட்ரா தீவில் இறங்கி, ஒரு குறுகிய நீரிணையைச் சில நிமிடம் படகில் கடந்தால் சாந்தா குரூஸ் தீவு. அங்கே புவெர்ட்டோ அயோரா ஊரில் அறை எடுத்துத் தங்கலாம், கப்பலில் படுக்க வேண்டிய அவசியமே இல்லை. மீன் சந்தைக்குப் போனால் மீன் விற்பவர் காலடியிலேயே கடல்சிங்கம் ஒரு துண்டுக்குக் காத்து நிற்கும். மேட்டு நிலத்தில் ராட்சத ஆமைகள் மாடு மாதிரி புல் மேய்ந்துகொண்டிருக்கும். இதைப் பார்க்க அம்மாவுக்கு என்ன தடை?

செலவுதான் காரணம் என்றால் அதை நேராகவே எழுதியிருக்கலாம். 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுப் பயணிக்கு நுழைவுக் கட்டணமே 200 டாலர், சின்னவனுக்கு 100. விமானம் தனி. கையைக் கடிக்கும்தான். ஆனால் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பெற்றவளைக் கூட்டிப்போய்விட்டு, 'அம்மாவை ஈக்வடார் அழைத்துப்போனேன்' என்று ஊரில் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பெயர் சம்பளமில்லாத ஆயா வேலை. நீங்கள் பார்ப்பதை அவரும் பார்க்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் பயணத்தைச் சுருக்குங்கள்.

சரி, வரிசை. கித்தோவில் தொடங்காதீர்கள். குவாயகிலில் இறங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்குங்கள், ஊர் சுற்ற வேண்டாம். மறுநாள் ஐந்து பேரும் கலாபகோஸ். திரும்பி கித்தோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்துக்குள் தங்காமல் காரில் மிந்தோ போய்விடுங்கள். மேகக் காட்டு ஊர், 1,250 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தபடியே தேன்சிட்டு போன்ற ஓசனிச்சிட்டுகளைப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து ஓட்டவாலோ, அதைச் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள், அன்றுதான் பெரிய சந்தை. கித்தோ கடைசியில். கோட்டோபாக்சிக்கு நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு நாளாகப் போய்வாருங்கள், ஒருவர் அம்மாவோடு இருங்கள். அங்கே வண்டி நிற்கும் இடமே 4,500 மீட்டருக்கு மேல், அது அவருக்கு வேண்டாம்.

அமேசானைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்வார்கள். 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் டாக்டர்களே யோசிப்பார்கள். குவென்கா அழகான ஊர்தான், 12 நாளில் இடமில்லை.

அம்மா சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. மலைப்பகுதியில் லோக்ரோ என்று உருளைக்கிழங்கு சூப் கிடைக்கும், கறிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கிக்கொடுங்கள். கிளம்புவதற்கு முன் பிரஷர் மாத்திரை பற்றி அவருடைய டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஒரு நல்ல ஷூவும் வாங்கிக்கொடுங்கள், கலாபகோஸின் எரிமலைப் பாறையில் செருப்போடு நடக்க முடியாது.