விமானிக்கு எதற்கு இவ்வளவு ஓய்வு? - வாசகர் கேள்விகள்

கேள்வி: 2025 டிசம்பரில் இண்டிகோ விமானம் ரத்தாகி, தங்கை கல்யாணத்துக்கே போக முடியவில்லை. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரச் சொன்னதுதான் காரணமாம். வருடத்துக்கு 1000 மணி நேரம்தான் பறக்கலாம் என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம்கூட வரவில்லையே, இதற்கு மேலும் ஓய்வா?
- மதுரை வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் கோபம் ஆள் மாறிப் போகிறது. அந்த 1000 மணி என்பது விமானம் நகரத் தொடங்கி மறுபடி வந்து நிற்கும் வரையிலான நேரம் மட்டும்தான். முன்னதாகவே வந்து வானிலையும் எரிபொருளும் பார்ப்பது, ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருப்பது, வெளியூர் ஹோட்டலில் தூக்கம் வராமல் புரள்வது எதுவும் அதில் சேராது. காலை ஐந்து மணி விமானத்துக்கு இரண்டு மணிக்கே எழ வேண்டும், இரண்டு நாள் கழித்து டூட்டி ராத்திரிக்கு மாறும், அப்புறம் உடம்பு எதைத்தான் தூங்கும் நேரம் என்று எடுத்துக்கொள்ளும்?

இந்தியாவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ புதிய விதிகளை அறிவித்தது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவு டூட்டியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாகத்தான் அமலுக்கு வந்தது. ஆக, ஏறக்குறைய இரண்டு வருடம் கையில் இருந்தும் போதுமான விமானிகளைத் தயார் செய்யாமல் அட்டவணையை மட்டும் நிரப்பி வைத்த இண்டிகோ நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைசியில் அந்த நிறுவனத்துக்கே இரவு விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தார்கள், அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: காக்பிட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆட்டோ பைலட் வேறு. ஒருவர் கொஞ்சம் கண் அசந்தால் என்ன ஆகிவிடும்?
- கோவை வாசகி

பதில்: சில நாடுகளில் அதற்கு முறைப்படி அனுமதியே உண்டு. ஒருவர் மட்டும், மற்றவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் தூங்கலாம். விமானம் இறங்கத் தொடங்குவதற்கு நன்றாக முன்னதாகவே எழுந்துவிட வேண்டும். ஆபத்து, சொல்லாமல் வரும் தூக்கத்தில். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாட்டிக் ஏர் விமானத்தில் கேப்டன் ஓய்வெடுக்க, வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகளோடு தூக்கம் கெட்டிருந்த துணை விமானியும் தூங்கிவிட்டார். 28 நிமிடம் இரண்டு பேருமே விழித்திருக்கவில்லை. கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டும் பதில் இல்லை, பாதையும் விலகிவிட்டது. நல்லவேளை, 153 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள்.

மங்களூருவில் அப்படி நடக்கவில்லை. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார், குரல் பதிவில் குறட்டைச் சத்தம் இருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை சட்டென்று தெளியாது, கண் திறந்திருந்தாலும் முடிவெடுக்கும் திறன் மந்தமாகவே இருக்கும். விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்தது, துணை விமானி தரையிறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று சொல்லியும் கேப்டன் இறக்கினார், ஓடுதளம் போதவில்லை. 158 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 8 பேர்.

கேள்வி: என் மகன் துணை விமானி. லீவில் வந்தால் பகல் முழுக்கத் தூங்குகிறான், எழுப்பினால் எரிந்து விழுகிறான். சோம்பலா, வேறு ஏதாவதா?
- திருச்சி வாசகி

பதில்: சோம்பல் இல்லை அம்மா, பல நாள் விட்டுப்போன தூக்கத்தை உடம்பு பிடிக்கப் பார்க்கிறது. எழுப்பாதீர்கள். அறையை இருட்டாக்கிக் கொடுங்கள், சொந்தக்காரர்கள் வருவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கிய பிறகும் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இன்னொன்றும் அவரிடம் பேசுங்கள்: களைப்பாக இருக்கும்போது பறக்க மாட்டேன் என்று சொல்வது விமானியின் கடமை. அப்படிச் சொன்னால் மேலிடத்தில் முகம் சுளிப்பார்களோ என்று பயந்து பலரும் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் நீங்கள் அவர் பக்கம் நின்றால், அந்த ஒரு போன் காலைச் செய்ய அவருக்குத் தைரியம் வரும்.