கேளுங்கள், சொல்கிறோம்: ஆங்கிலச் சொல்வளம்

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். சொல்வளத்துக்குப் பழைய ஆங்கில இலக்கியம் படிக்கச் சொல்கிறார்கள். டிக்கன்ஸ் நாவலில் பக்கத்துக்கு 20 சொல் புரியவில்லை. திருவொற்றியூரிலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போகும் நேரம்தான் கிடைக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, திருவொற்றியூர்

டிக்கன்ஸை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் தடுக்கினால் கதையே பிடிபடாது; அப்புறம் சொல் எங்கே நிற்கும்? பதிலாக ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளைப் படியுங்கள். 1892-ல் நூலாக வந்த முதல் தொகுப்பில் 12 சிறுகதைகள். ப்ராஜெக்ட் கூட்டன்பர்க் தளத்தில் இலவசம்.

ரயிலில் அகராதி வேண்டாம். தெரியாத சொல்லைக் குறித்துவிட்டு மேலே படியுங்கள். வீட்டில் ஐந்தே சொற்களை எடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தவற்றுக்கு முதலிடம். சொல்லையும் தமிழ்ப் பொருளையும் எதிரெதிரே எழுதும் பட்டியல்தான் பலரைக் கவிழ்க்கிறது. பொருள் தெரியும், வாக்கியத்தில் வைக்கத் தெரியாது. எனவே கதையில் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். அதிலுள்ள வினைச்சொல்லோடு 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற எந்த முன்னிடைச்சொல் வருகிறது என்று அடிக்கோடிடுங்கள். தேர்வில் அங்கேயும் மதிப்பெண் போகும். 1, 3, 7, 21-ஆம் நாட்களில் சொல்லை மறைத்துவிட்டு நினைவிலிருந்து நிரப்புங்கள். ஏழாம் நாள் சொந்த வாக்கியம் ஒன்றும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹோம்ஸ் கதைகளில் 'சிங்குலர்' என்றால் பெரும்பாலும் விசித்திரமானது, இலக்கண ஒருமை அல்ல. அகராதியில் 'பழைய வழக்கு' என்று குறிப்பிட்ட சொற்களைப் புரிந்துகொண்டால் போதும், கட்டுரையில் எழுத வேண்டாம்.