நிறுவனத்தின் டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் அவசர அழைப்புகள்: ஆபரேட்டர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: அழைப்பவர் பதறுகிறார். முதலில் எதைக் கேட்பது?

பதில்: இடம். எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த அறை. லைன் அறுந்துபோனாலும் ஆளை அனுப்ப அது போதும். அடுத்து எக்ஸ்டென்ஷன் எண்; என்ன நடந்தது என்பது அதற்கப்புறம்தான். அறை எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி 'ஆமாம்' வாங்குங்கள். ஹோல்டில் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு லைனைக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பல பிபிஎக்ஸ்களில் (நிறுவனத்தின் உள் லைன்களை வெளி லைனோடு இணைக்கும் கருவி) வெளியே தெரிவது நிறுவனத்தின் பொது எண்தான். அதற்குப் பதிவான முகவரி தலைமைக் கட்டடமாக இருந்தால் வண்டி அங்கே போய் நிற்கும். கான்ஃபரன்ஸில் மூவரையும் சேர்த்து, எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவர்கள் பேசத் தொடங்கியதும் இன்னொரு லைனில் காவலரைக் கூப்பிட்டு, வாசலைத் திறந்து லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கான்ஃபரன்ஸ் எதற்கு? விவரத்தை வாங்கி நாமே சொன்னால் சீக்கிரம் முடியுமே!

பதில்: முடியாது. மூச்சு வருகிறதா என்று மறுமுனை கேட்டால், பக்கத்தில் இருப்பவர்தானே பார்த்துச் சொல்ல முடியும்? நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த லைனிலேயே சொல்லித் தருவார்கள். அதற்கெல்லாம் தூது போக முடியாது.

கேள்வி: தீப்பிடித்தாலுமா? அவரை லைனிலேயே நிறுத்தி வைப்பீர்களா?

பதில்: சரி, தீ என்றால் உங்கள் கட்சிதான். எங்கே, எது எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு அவரை வெளியேறச் சொல்லுங்கள். தீயணைப்புக்கு நீங்களே பேசுங்கள். மற்றபடி என் பேச்சில் மாற்றமில்லை.

கேள்வி: வெடிகுண்டு மிரட்டல் வந்தால் மேலாளருக்கு டிரான்ஸ்ஃபர் செய்யலாமா?

பதில்: வேண்டாம், லைன் வழியில் அறுந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டுங்கள். எங்கே வைத்திருக்கிறது, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டுப் பேச்சை வளர்த்துங்கள். மிரட்டுபவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, நேரத்தோடு எழுதுங்கள். குரலையும் பின்னணிச் சத்தத்தையும் குறியுங்கள். அவர் வைத்தாலும் நீங்கள் ரிசீவரை வைக்காதீர்கள்.

கேள்வி: அழைப்பு வருகிறது, பேச்சே இல்லை.

பதில்: வைத்துவிடாதீர்கள். பேச முடியாவிட்டால் ரிசீவரைத் தட்டச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றாலும் திரையில் தெரியும் எக்ஸ்டென்ஷனுக்கு ஆள் போகட்டும்.

கேள்வி: அவசர லைனுக்கு ஹோல்ட் இசை எது பொருத்தம்?

பதில்: முதல் பதிலின் கடைசி வரியைப் படியுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு அவசர அழைப்பு வந்தால் ஒன்றையாவது ஹோல்டில்...?

பதில்: இரண்டிலும் முதலில் இடத்தை வாங்குங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: மின்சாரம் போனால்?

பதில்: பவர் ஃபெயில் போன் எது என்று கேட்டு வையுங்கள். பிபிஎக்ஸ் நின்றதும் வெளி லைன் நேராக அதற்குப் போகும். வெளி லைனும் இன்டர்நெட் வழியாக வருவதென்றால் மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும். பிபிஎக்ஸை அணைத்து ஒருமுறை அந்த போனில் டயல் டோன் வருகிறதா என்று சோதியுங்கள்.