மகளுக்கு மெயின்ஃப்ரேம் வேலை: சேரலாமா?

மகளுக்கு மெயின்ஃப்ரேமில், அதாவது வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்குகளைக் கையாளும் பெரிய கணினியில், வேலை வந்திருக்கிறது; சேர்ந்தால் "பழைய பெட்டியோடு முடங்கிப்போவாளே" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும். ஆனால் எந்த மாதிரி வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேரட்டும்.

இந்த வம்சம் 1964-இல் ஐபிஎம் சிஸ்டம்/360-உடன் தொடங்கியது உண்மைதான். ஆனால் 2022-இல் வந்த இசட்16 என்ற ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் சில்லுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பணப் பரிமாற்றம் முடிவதற்குள்ளேயே அது மோசடியா என்று கணிக்க உதவுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இதை விடாததற்கு இன்னொரு காரணம், பல பத்தாண்டு விதிமுறைகள் கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல்களுக்குள் புதைந்து கிடப்பது. அவற்றில் பல வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவருக்கு மதிப்பு குறையாது.

கணக்கின் துல்லியம் அடுத்தது. 0.1 என்ற எண்ணை கணினியின் இரும முறையில் (0, 1 மட்டும் கொண்டு) முழுமையாக எழுத முடியாது. கோபாலில் எண்ணைச் சேமிக்கும் காம்ப்-3 என்ற வகையோ, எண்ணைப் பதின்ம இலக்கங்களாகவே வைக்கிறது: பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. ஏழு இலக்கம் 4 பைட்டில் அடங்கும்.

புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் வெற்றிடம் வந்துவிட்டால், கணக்கிடும்போது ஜாப் (கணினிக்குக் கொடுத்த தொகுப்பு வேலை) எஸ்0சி7 என்ற பிழைக் குறியோடு நின்றுவிடும். அந்த ரெக்கார்டை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓடவிடுவது ஆபத்து. காப்பிபுக்கில் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தரவு வடிவ விளக்கத்தில்) யாராவது ஒரு புலத்தின் நீளத்தை மாற்றினார்களா, கோப்பை எழுதிய முந்தைய நிரல் எது என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஜாப்பின் முந்தைய ஸ்டெப் (கட்டம்) டேட்டாபேஸை ஏற்கெனவே திருத்தியிருக்க, முதலிலிருந்து ஓடவிட்டால், ஒரே வட்டி இரண்டு முறை ஏறிவிடும். எந்த ஸ்டெப்பிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுக்கத் தெரிவதுதான் இந்தத் துறையில் உண்மையான தேர்ச்சி.

அதனால் ஜாப்பை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஜேசிஎல்லையும், மெயின்ஃப்ரேம் கோப்பான டேட்டாசெட்டையும் முதலில் படிக்கட்டும். கோபால், விசாம் (கோப்பு முறை), டிபி2 (டேட்டாபேஸ்), சிஐசிஎஸ் (பரிமாற்றங்களை உடனுக்குடன் நடத்தும் மென்பொருள்) பிறகு. நிலையான வடிவக் கோபாலில் வாக்கியங்கள் 12 முதல் 72-ஆம் பத்திக்குள் (வரியின் எழுத்து இடங்களுக்குள்) நிற்க வேண்டும். 73-ஆம் பத்திக்குப் போன முற்றுப்புள்ளியை கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கண்டுகொள்ளாது. இஃப் என்ற நிபந்தனை எங்கே முடிகிறது என்பதே மாறிப்போகும்.

ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் இலவசமாக, நிஜ மெயின்ஃப்ரேமிலேயே பழகலாம். க்னூகோபால் என்ற கோபால் கம்பைலரை வீட்டுக் கணினியில் நிறுவலாம், ஆனால் அதில் ஜேசிஎல் பழக முடியாது. கூடவே கிட் (Git, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி), பைத்தான் (நிரல் மொழி), ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூன்றையும் விடாமல் கற்கட்டும். மொபைல் செயலியையும் பழைய நிரலையும் இணைக்கும் வேலைக்கு இரண்டு பக்கமும் தெரிந்தவர் வேண்டும்.

சேரும் முன் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: நிரல் எழுதித் திருத்தும் பணியா, இரவில் ஜாப் நின்றால் மற்றவருக்குத் தகவல் சொல்லும் பணியா? இரண்டாவது என்றால், எத்தனை மாதத்தில் முதலாவதற்கு மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.