கொரோலா 110 வாங்குவதா, சனி எப்.பி.15 வாங்குவதா?
வணக்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து நாள்தோறும் மட்டக்களப்புக்கு வேலைக்குச் செல்லவும், இடையிடையே குடும்பத்துடன் மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகவும் டொயோட்டா கொரோலா 110, நிசான் சனி எப்.பி.15 ஆகிய இரண்டில் எது பொருத்தம் என்று கேட்டிருந்தீர்கள்.

இழுவையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் 1500 சிசி எஞ்சின்கள். வலு 100 குதிரைவலுவை ஒட்டியதே. மகியங்கனை–கண்டி வீதியின் மலையேற்றமான பதினெட்டு வளைவில் ஏசியும் போட்டு நிறைந்த பாரத்துடன் ஏற வேண்டியிருப்பதால், எதை எடுத்தாலும் மனுவல் கியர் உள்ளதையே எடுங்கள்.

பராமரிப்பில்தான் இரண்டும் பிரிகின்றன. கொரோலாவின் 5ஏ எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்யும் டைமிங் பெல்ட் உள்ளது. அது ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது என்பதால், விற்பவரிடம் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சனியில் அந்தப் பெல்ட்டுக்குப் பதிலாக இருப்பது சங்கிலி. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் முன்பக்கத்தில் கடகடவென்ற ஒலி கேட்டால், அது தளர்ந்திருக்கக்கூடும்.

என் தெரிவு கொரோலாதான், ஏனெனில் அதன் எஞ்சினை அறிந்த மெக்கானிக்கை நம் பக்கத்தில் எளிதில் காணலாம். ஆயினும் கடற்காற்றில் நின்ற வாகனத்துக்குத் துருவே முதல் எதிரி: டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் சில்லுக் குழியைக் கையால் தடவிப் பாருங்கள்; தகடு உதிர்ந்தால் அந்தக் கொரோலாவை விட்டுவிட்டு, துருவில்லாத சனியை வாங்குங்கள்.