டிஸ்க் இல்லாத கேமுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, ஊர் திருநெல்வேலி. கல்லூரிக் காலத்தில் சிடி வாங்கி கேம் விளையாடியவன். இப்போது என் மகன்கள் இருவரும் கேம் கேட்கிறார்கள். மூத்தவனிடம் லேப்டாப் இருக்கிறது. இளையவன் பத்தாம் வகுப்பு, அவனுக்கு வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கலாம் என்கிறான் ஒருவன். எபிக் என்ற இன்னொரு கடையில் சும்மாவே தருகிறார்கள் என்கிறான் இன்னொருவன். கையில் டிஸ்க்கே வராத பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடையை நாளை மூடிவிட்டால் என்ன ஆகும்? ஒருவன் வாங்கியதை மற்றவன் விளையாடலாமா? என்னிடம் ஒரு பழைய ஹாஃப்-லைஃப் சிடியும் இருக்கிறது. அதை வைத்து இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. சிடி காலத்தில் கையில் காசு, வாயில் தோசை. வாங்கியதை நண்பனுக்குக் கொடுக்கலாம், அலுத்துப்போனால் விற்கலாம். இன்று ஸ்டீமிலோ எபிக்கிலோ நீங்கள் வாங்குவது அந்த கேமை விளையாடுவதற்கான அனுமதியை மட்டும்தான். கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அனுமதியை மட்டும் விற்கும் கடைகள் அதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2024 அக்டோபரிலிருந்து, ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் இதைச் சொல்லும் ஒரு வரி வந்துவிட்டது. உங்கள் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் ஸ்டீமின் விதிகள் இடம் தருவதில்லை.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் நல்ல உதாரணம். 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை, அதாவது அதை இணையம் வழியாக இயக்கிய நிறுவனத்தின் கம்ப்யூட்டரை, நிறுத்தினார்கள். தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட இணைய இணைப்பு தேவைப்பட்ட கேம் அது. அதனால் காசு கொடுத்த யாராலும் அதன்பின் விளையாட முடியவில்லை. கவனியுங்கள், கடையில் டிஸ்க் வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். அதற்குப் பிறகு, விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பி, 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டியது.

ஆகவே டிஸ்க்கா, டவுன்லோடா என்று பார்ப்பதைவிட அந்த கேம் சர்வர் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். கதை உள்ள, தனியாக விளையாடும் கேம் என்றால் காசு ஓரளவு பத்திரம். எப்போதும் இணையம் வேண்டும் என்று கடைப் பக்கத்தில் போட்டிருந்தால், அதைச் சில வருடப் பொழுதுபோக்குக்கான செலவு என்று எண்ணி வாங்குங்கள். அவ்வளவு காலத்துக்கு அந்த விலை தகும் என்று தோன்றினால் சரி.

கடையே மூடிவிடுமோ என்ற பயம் எனக்குக் குறைவு. ஸ்டீம் 2003-லிருந்து நடக்கிறது. ஒரு கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே வாங்கியவரின் கணக்கில் அது பெரும்பாலும் இருக்கும். ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற கேம் வரிசையில் வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகியவற்றின் பழைய பதிப்புகளை 2021-ல் ஸ்டீமிலிருந்து எடுத்தார்கள். முன்பே வாங்கியவர்கள் இன்றும் விளையாடுகிறார்கள். இருக்கும் கேமிலிருந்து ஏதாவது உருவப்படுவதுதான் என்னை உறுத்துகிறது. ஜி.டி.ஏ. 4-ல் வரும் வானொலிப் பாடல்களில் பலவற்றின் உரிமம் பத்தாண்டில் முடிந்தது. 2018-ல் ஒரு அப்டேட் அந்தப் பாடல்களை வாங்கியவர்களின் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துவிட்டது. டிஸ்க்கிலிருந்து நிறுவி, அந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தால் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொரு குறையைப் பலரும் யோசிப்பதில்லை. கேம் பழையதாக இருந்தாலும் கடையின் மென்பொருள் புதிதாகிக்கொண்டே போகும். 2024 ஜனவரியோடு விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய கேம்களுக்கும் அன்றோடு உத்தரவாதம் போயிற்று.

உங்களைப் போல 'என் பொருள் என்னிடமே இருக்க வேண்டும்' என்று நினைப்பவருக்கு நான் முதலில் காட்டும் கடை ஜி.ஓ.ஜி. போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனம் 2008-ல் தொடங்கியது. இங்கு வாங்கும் கேமின் இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். அதில் பூட்டு கிடையாது. நாளை அந்தக் கடை இல்லாமல் போனாலும், இணையமே இல்லாத வீட்டில்கூட, அந்தக் கோப்பிலிருந்து நிறுவி விளையாடலாம். சட்டப்படி இதுவும் அனுமதிதான், ஆனால் யாரும் வீட்டுக்கு வந்து பிடுங்க முடியாது. வாங்கியதோடு நிறுத்தாமல் இன்ஸ்டாலரை இறக்கியும் வையுங்கள், அதைச் செய்யாவிட்டால் மற்றக் கடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய கேம்கள் இங்கு நிறைய உண்டு. புதிய பெரிய கேம்கள் தாமதமாக வரும், சில வரவே வராது. பையன்கள் கேட்பது ஆன்லைனில் கூட்டாக விளையாடுவதென்றால் ஜி.ஓ.ஜி. அவ்வளவாக உதவாது.

அப்படியானால் ஸ்டீம் எதற்கு? எனக்கு முதல் காரணம் பணம் திரும்பக் கிடைப்பது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நடுத்தரக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய வசதி. கேம் திணறுகிறதா, சூடாகி நிற்கிறதா என்று சொந்த இயந்திரத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் மெனு திறந்தபடி சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் சேரும் என்று பையன்களிடம் சொல்லிவையுங்கள். அப்புறம், வாங்கிய சில நாளிலேயே அதே கேம் தள்ளுபடிக்கு வந்தால் வருத்தப்பட வேண்டாம். இந்த வரம்புக்குள் இருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். இதை முறைகேடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீமின் விதியிலேயே இருக்கிறது. எபிக்கிலும் பெரும்பாலான கேம்களுக்கு இதே 14 நாள், 2 மணி நேரக் கணக்கு. ஜி.ஓ.ஜி.யில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம்.

தள்ளுபடி என்றதும் ஒன்று. ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கும், யு.பி.ஐ.யில் கட்டலாம். ஜூன் இறுதியில் கோடைத் தள்ளுபடியும் டிசம்பர் இறுதியில் குளிர்காலத் தள்ளுபடியும் வரும். வெளியாகி இரண்டு மூன்று வருடமான கேமை முழு விலையில் வாங்கத் தேவையே இல்லை. ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு கேமும் இதுவரை எந்த விலை வரை இறங்கியது என்ற வரலாறே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு ஸ்டீமை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் 2024-ல் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ். ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேரலாம். அவரவருக்குத் தனிக் கணக்கு, விளையாடி நிறுத்திய இடத்தைச் சேமிக்கும் தனித்தனி சேவ். பகிர அனுமதி உள்ள கேம்களை எல்லோரும் விளையாடலாம். மூத்தவன் வாங்கிய ஒன்றை இளையவன் விளையாடும்போது மூத்தவன் வேறொன்றைத் திறக்கலாம். ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில் விளையாட மட்டும் இரண்டு பிரதி வேண்டும். நீங்களும் ஒரு கணக்கு தொடங்கிப் பெரியவராகச் சேர்ந்தால், இளையவனுக்கு நேர வரம்பு வைக்கலாம், அவன் வாங்கக் கேட்பதை உங்கள் போனிலிருந்தே ஒப்புக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: தம்பி அண்ணனின் பிரதியில் ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டினால், அந்த கேமில் அண்ணனுக்கும் தடை விழும். அதேபோல், விலகிப் போகும் பெரியவர், பழைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் வேறு குடும்பத்தில் சேரலாம். எனவே நண்பர்களைச் சேர்த்து இடத்தை வீணாக்க விடாதீர்கள்.

எபிக்? சும்மா தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் சூது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் புதிய இலவச கேம் மாறும். அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்தால் அது அங்கேயே தங்கும். 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5-ஐ இப்படித் தந்தபோது கூட்டம் தாங்காமல் தளமே படுத்தது. கேமை உருவாக்குபவர்களிடம் விற்பனையில் எபிக் வாங்கும் பங்கு அதிகபட்சம் 12 சதவீதம்தான், ஸ்டீமில் தொடக்கப் பங்கு 30 சதவீதம். சின்னக் குழுக்கள் செய்யும் கேமை வாங்கும்போது நான் இதை யோசிப்பேன். குடும்பப் பகிர்வு, வாங்கியவர்களின் மதிப்புரை போன்றவற்றில் ஸ்டீம்தான் இன்னும் முன்னால் நிற்கிறது.

டேட்டா விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுவோம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் கேட்கும் இடம் 150 ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் மொபைல் ரீசார்ஜில் அவ்வளவையும் இறக்க 100 நாள் ஆகும். 100 எம்.பி.பி.எஸ். வேக ஃபைபர் இணைப்பில் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஃபைபர் இல்லாமல் இந்த வகைக் கடைக்குப் போகவே வேண்டாம் என்பேன். இரண்டு இயந்திரத்திலும் தனித்தனியாக இறக்கவும் வேண்டாம். ஒன்றில் இருந்தால், ஒரே வைஃபையில் உள்ள மற்றதற்கு ஸ்டீமே இணைய டேட்டாவைச் செலவழிக்காமல் நகலெடுத்துத் தரும். 2023-ல் வந்த வசதி அது.

கேமைக் கணக்கில் சேர்க்க உதவும் 'கீ' என்ற எண்ணைப் பாதி விலைக்கு விற்கும் மூன்றாம் தளங்களை நம்பாதீர்கள். நானே ஒருமுறை அப்படி வாங்கினேன். சில வாரத்தில் கேம் என் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய கீ இப்படிச் சுற்றுவதுண்டு. கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகச் சுற்றும் கேம்களில் கடவுச்சொல் திருடும் மென்பொருள் ஒளிந்திருக்கலாம். உங்கள் வங்கி வேலையும் நடக்கும் கம்ப்யூட்டரில் அதைப் போடவே கூடாது.

கணக்குதான் இனி உங்கள் சிடி அலமாரி. மூவரும் தனித்தனி மின்னஞ்சலில் தொடங்கி, உள்நுழைவதை உங்கள் போன் வழியாக உறுதிசெய்யும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பாதுகாப்பு வசதியை இன்றே போடுங்கள். "தவறுதலாக உன்மேல் புகார் கொடுத்துவிட்டேன், இவரிடம் பேசு", "எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு" என்று நண்பன் பெயரிலேயே செய்தி வரும். இணைப்பைத் தட்டி உள்நுழைந்தால் கணக்கு போய்விடும். இளையவனிடம் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் ஹாஃப்-லைஃப் சிடி. அது அசல்தான் என்றால் தூக்கிப்போடாதீர்கள். உறையின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். ஸ்டீமில் கேம்ஸ் மெனுவுக்குள் போய், ஒரு ப்ராடக்டை ஆக்டிவேட் செய்யும் இடத்தில் அந்த எண்ணை அடியுங்கள். ஹாஃப்-லைஃபை உருவாக்கிய, ஸ்டீமையும் நடத்தும் வால்வ் நிறுவனம் தன் பழைய சிடிகளின் எண்களை அங்கே ஏற்கிறது. வேறு யாரும் முன்பே பதிவு செய்திருக்காவிட்டால், அன்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேம் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். குடும்பத்தில் சேர்த்துவிட்டால் பையன்களும் விளையாடலாம்.